கொச்சியும் கொச்சுவும்: வீட்டில் கொரிய-மெக்சிக்கோ பரிட்டோ, அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பு, கல்லடியில் எங்கள் குசினியில் இந்தச் சாப்பாட்டைச் செய்யத் தொடங்கி மூன்று வருடமாகிறது. தம்பி கொரியாவில், அன்சான் நகரத்துத் தொழிற்சாலை ஒன்றில் ஒப்பந்தம் முடித்துக்கொண்டு வந்தபோது அவனுடைய பெட்டிக்குள் கொச்சுஜாங் என்ற கொரிய மிளகாய்க் களி இரண்டு கிலோ இருந்தது. அதை எப்படித் தின்று தீர்ப்பது என்ற கவலையில் ஆரம்பித்தது, இப்போது வார இறுதிகளில் தெரிந்தவர்களுக்கு ஓடர் எடுத்துச் செய்துகொடுக்கும் அளவுக்கு வந்திருக்கிறது. சாப்பிட்டவர்கள், செய்து பார்த்தவர்கள், செய்து பார்த்துக் கெடுத்தவர்கள் கேட்ட கேள்விகளைத்தான் இங்கே தொகுத்திருக்கிறேன். அளவுகள் ஆறு பரிட்டோவுக்கு.

இது கொரியாச் சாப்பாடா, மெக்சிக்கோச் சாப்பாடா?

இரண்டும் இல்லை. அமெரிக்காவில் லொஸ் ஏஞ்சலிஸ் நகரத்துச் சாப்பாடு. அங்கே கொரியர்களும் மெக்சிக்கர்களும் பக்கத்துப் பக்கத்துத் தெருக்களில் வாழ்கிறார்கள். ஒரு வீட்டுக் குழம்பு வாசம் மற்ற வீட்டுக்குப் போகாமல் இருக்குமா? 2008 நவம்பரில் அந்த நகரத்தில் 'கொகி' என்ற பெயரில் ஒரு சாப்பாட்டு லொறி ஓடத் தொடங்கியது. சியோலில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த ரோய் சோய் அதன் சமையற்காரர். கொரிய முறையில் சுட்ட இறைச்சியை டோர்ட்டியா என்ற மெல்லிய மெக்சிக்கோ ரொட்டியில் வைத்துக் கொடுத்தார்கள். லொறி இன்றிரவு எந்த மூலையில் நிற்கும் என்பதை டுவிட்டரில் போட, சனம் தேடிப்போய் வரிசையில் நின்றது. 'கொகி' என்றால் கொரிய மொழியில் இறைச்சி. இந்தக் கலப்பை முதன்முதலில் நினைத்தவர்கள் அவர்கள்தான் என்று சொல்லமாட்டேன், ஆனால் உலகம் முழுக்கக் கொண்டுபோனவர்கள் அவர்கள்.

ஆகவே 'இது அசல் முறையா' என்று யாராவது கேட்டால் பயப்படாதீர்கள். லொறியில் பிறந்த சாப்பாட்டுக்கு ஆகம விதி கிடையாது.

பரிட்டோ என்றால் ரொட்டிக்குள் கறியை வைத்துச் சுற்றுவதுதானே?

ஏறக்குறைய. மெக்சிக்கோவின் வடக்குப் பக்கத்தில் கோதுமை விளையும், அதனால் அங்கே கோதுமை மாவில் பெரிய டோர்ட்டியா தட்டுவார்கள். தெற்கே போகப் போகச் சோளன்தான். வடக்கத்திப் பரிட்டோ மெலிந்தது, உள்ளே ஒன்றிரண்டு பொருள்தான் இருக்கும். சோறு, அவரை, இறைச்சி, சீஸ் எல்லாம் திணித்த குண்டுப் பரிட்டோ 1960களில் சான் பிரான்சிஸ்கோவின் மிஷன் பகுதியில் வந்தது. நாம் செய்யப்போவது அந்தக் குண்டு வகை. பெயருக்கு அர்த்தம் 'குட்டிக் கழுதை'. ஏன் அந்தப் பெயர் என்பதற்கு ஆளுக்கொரு கதை சொல்வார்கள், சமைப்பதற்கு அது ஒன்றும் தேவையில்லை.

கொச்சுஜாங் என்பது என்ன? நம்முடைய கொச்சிக்காயோடு ஏதும் சொந்தமா?

இதை என்னிடம் கேட்காதவர்கள் இல்லை. கொரிய மொழியில் மிளகாய்க்குப் பெயர் 'கொச்சு'. மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் நாம் சொல்வது 'கொச்சி'. தம்பி அங்கே போன முதல் வாரம் தொழிற்சாலைச் சாப்பாட்டு அறையில் ஒரு கிழவி "கொச்சு, கொச்சு" என்று ஒரு கிண்ணத்தைக் காட்டியதும் இவன் ஊர்க்காரியைக் கண்டதுபோலச் சிரித்திருக்கிறான்.

ஆனால் சொற்களுக்குள் சொந்தம் இல்லை. கொச்சித் துறைமுகம் வழியாக வந்ததால் நமக்குக் கொச்சிக்காய் என்று ஊரில் சொல்வார்கள். கொரியச் சொல்லோ சீன எழுத்துகளில் இருந்து வந்தது. தற்செயல் ஒற்றுமை, அவ்வளவுதான். சொந்தம் இருப்பது காயில். மிளகாயின் தாய்நாடு மெக்சிக்கோப் பக்கம். அங்கிருந்து போர்த்துக்கேயரின் கப்பல்களில் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வந்து, 16ஆம் நூற்றாண்டு முடிகிற காலமளவில் கொரியாவுக்கும் போய்ச் சேர்ந்தது. அதற்கு முதல் கிம்ச்சி என்ற கொரியக் கோவா ஊறுகாய் சிவப்பாக இருந்ததில்லை, நம் கறியும் மிளகில்தான் உறைத்தது. கொரியக் களியை மெக்சிக்கோ ரொட்டியில் பூசும்போது மிளகாய் தன் தாய்வீட்டுக்குத் திரும்பிப் போகிறது.

கொச்சுஜாங் என்பது மிளகாய்த் தூள், பசையரிசி, புளிக்கவைத்த சோயா அவரைத் தூள், முளைகட்டிய வாற்கோதுமை, உப்பு சேர்த்து மாதக்கணக்கில் புளிக்கவைத்த களி. உறைப்பு, இனிப்பு, உப்பு எல்லாம் இருக்கும். ஆனால் நாக்கில் கடைசிவரை நிற்பது அந்தப் புளித்த சோயாவின் ஆழம்.

கொச்சுஜாங் இங்கே கிடைக்காவிட்டால்?

கொழும்புப் பெரிய சுப்பர்மார்க்கெட்டுகளில் பார்க்கலாம். கொரியாவில் இருந்து லீவில் வருகிற பிள்ளைகளிடம் சொல்லிவிடுவது அதைவிட நிச்சயம். இரண்டும் சரிவராவிட்டால் ஒரு பொய்க்களி செய்யலாம். பொய் என்று தெரிந்துகொண்டே செய்யுங்கள்.

செத்தல் மிளகாய் 15 எடுத்து விதை முழுவதையும் தட்டி எறிந்துவிட்டு, சுடுதண்ணீரில் அரை மணித்தியாலம் ஊறவைத்து மை போல அரையுங்கள். ஒரு மேசைக்கரண்டி அரிசி மாவைக் கால் கோப்பைத் தண்ணீரில் கரைத்துக் களியாகக் காய்ச்சுங்கள். அதோடு அரைத்த மிளகாய், 2 மேசைக்கரண்டி சீனி அல்லது சீவிய பனங்கட்டி, ஒன்றரை மேசைக்கரண்டி சோயா சோஸ், அரைத் தேக்கரண்டி வினாகிரி. கடைசியாக ஒரு தேக்கரண்டி மாமைட், ரொட்டியில் பூசுகிற அந்தக் கறுப்பு ஈஸ்ட் களி. சிரிக்காதீர்கள். புளித்த சோயா தருகிற அந்த ஆழத்தை இலங்கை வீட்டு அலுமாரியில் தரக்கூடியது அது ஒன்றுதான். எல்லாம் சேர்த்து மெல்லிய நெருப்பில் தடிக்கும்வரை கிண்டுங்கள். ஃபிரிட்ஜில் இரண்டு கிழமை நிற்கும்.

தக்காளி சோஸில் மிளகாய்த்தூள் கலந்து 'கொரியன் சோஸ்' என்று விற்கிற கடைகளைப் பற்றி ஒன்றும் சொல்வதற்கில்லை.

காத்தான்குடியில் இருந்து ஒரு கேள்வி: இது ஹலாலா?

மூன்று இடத்தில் கவனம் தேவை. ஒன்று, கொச்சுஜாங் பெட்டி: பல கம்பனிகள் உள்ளே மேலும் புளிக்காமல் இருக்கக் கொஞ்சம் மதுசாரம் சேர்க்கின்றன. சேர்க்காததும் வருகிறது, ஹலால் முத்திரையோடும் வருகிறது. பெட்டியைத் திருப்பி வாசியுங்கள். இரண்டு, இறைச்சி ஊறவைக்கும் கலவையில் அரிசி மது விடச் சொல்கிற குறிப்புகள். என் முறையில் அது இல்லை, அன்னாசிச் சாறு அந்த வேலையைச் செய்கிறது. மூன்று, மாமைட்: பியர் வடிக்கும் ஈஸ்ட்டில் இருந்து எடுப்பது என்பதால் சிலர் தவிர்ப்பார்கள். அதற்குப் பதில் இன்னும் ஒரு தேக்கரண்டி சோயா சோஸ் விடலாம். மார்க்கத் தீர்ப்புச் சொல்வது என் வேலை அல்ல. தெரிந்த ஆலிமிடம் கேளுங்கள்.

இந்த வெக்கையில் வீட்டில் கிம்ச்சி போடலாமா? பழுதாகாதா?

போடலாம். போடத்தான் வேண்டும், ஏனென்றால் கிம்ச்சி இல்லாவிட்டால் இது வெறும் இறைச்சி ரொட்டி. கொரியாவில் குளிர்காலத்துக்கு முதல் ஊரே கூடிக் கோவா கோவாவாகக் கிம்ச்சி போடுவார்கள். கிம்ஜாங் என்ற அந்தக் கூட்டுவேலையை 2013இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. சாடிகளை மண்ணுக்குள் புதைத்து வைப்பார்கள், அந்தக் குளிரில் அது மெல்ல மெல்லப் புளிக்கும். நமக்கு மண்ணும் சுடும், சாடியும் சுடும். அதனால் அவர்களுடைய நாள்கணக்கு நமக்குப் பொருந்தாது. மற்ற எல்லாம் பொருந்தும்.

1 கிலோ கோவா. நுவரெலியாவில் இருந்து வருகிற நீட்டுச் சீனக் கோவா கிடைத்தால் நல்லது, உருண்டைக் கோவாவும் போதும். இரண்டு அங்குலத் துண்டுகளாக வெட்டி 30 கிராம் கல்லுப்பைப் போட்டுப் பிசறுங்கள். நிறுக்கத் தராசு இல்லையென்றால் இரண்டு மேசைக்கரண்டி, தலைதட்டியது. இரண்டு மணித்தியாலம் வையுங்கள், இடையில் மூன்று நான்கு தரம் புரட்டுங்கள். கோவா துவண்டு தண்ணீர் விடும். அந்தத் தண்ணீரை வடித்து, அரைக் கோப்பை மட்டும் எடுத்து வையுங்கள். கொரியக் குறிப்புகள் இந்த இடத்தில் கோவாவைக் கழுவச் சொல்லும், ஏனென்றால் அவர்கள் உப்பை அள்ளிக் கொட்டுவார்கள். நாம் அளந்து போட்டிருக்கிறோம், கழுவ வேண்டாம். உப்பு குறைந்தால் இந்த வெக்கையில் புளிப்பதற்கு முதல் அழுகும்.

ஒரு மேசைக்கரண்டி அரிசி மாவில் கஞ்சி காய்ச்சி ஆறவிடுங்கள். அதில் 8 பல்லு உள்ளி, ஒரு பெருவிரல் துண்டு இஞ்சி, ஒரு தேக்கரண்டி சீனி எல்லாம் அரைத்துக் கலக்குங்கள். கொரியர்கள் உப்பில் ஊறிய சின்ன றாலும் மீன் சோஸும் சேர்ப்பார்கள். எங்களுக்கு வாவியே இருக்கிறதே: காய்ந்த கூனி ஒரு மேசைக்கரண்டியை வெறும் தாச்சியில் வாசம் வர வறுத்து இடித்துப் போடுங்கள். இந்த ஒரு இடத்தில் நம் பொருள் அவர்களுடையதற்குக் கொஞ்சமும் குறைந்ததல்ல.

மிளகாய்த்தூளில்தான் எல்லோரும் சறுக்குவது. கொரியத் தூள் விதை நீக்கியது, நிறம் கூட, உறைப்புக் குறைவு. அவர்கள் சொல்கிற அளவுக்கு நம் கொச்சிக்காய்த்தூளைப் போட்டால் வாய் வெந்துபோகும். நம் தூள் ஒரு மேசைக்கரண்டிக்கு மூன்று மேசைக்கரண்டி காஷ்மீர் மிளகாய்த்தூளோ பப்ரிக்காவோ கலந்துகொள்ளுங்கள். கிடைக்காவிட்டால் செத்தலின் விதையை எறிந்துவிட்டுத் தோலை மட்டும் கரகரப்பாக இடியுங்கள்.

எல்லாவற்றையும் கோவாவோடு கையுறை போட்டுப் பிசைந்து, கொதிதண்ணீரில் கழுவிக் காயவைத்த போத்தலில் அமுக்கி அடையுங்கள். மேலே எடுத்துவைத்த உப்புத்தண்ணீரை விட்டுக் கோவா மூழ்கியிருக்கிறதா என்று பாருங்கள். போத்தலில் கால்பங்கு வெறுமையாக இருக்கவேண்டும்.

எவ்வளவு நேரம் வெளியே வைப்பது என்பதற்கு நான் காற்றைப் பார்ப்பேன். சூடான கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் ஒரு பகல் ஒரு இரவு போதும். வாடைக் காலத்தில் மழையோடு குளிர்ந்திருந்தால் இரண்டு நாள் பிடிக்கும். குமிழி வந்து, புளிவாசம் அடித்தால் ஃபிரிட்ஜுக்குள். மூன்றாம் நாளில் இருந்து சாப்பிடலாம், பரிட்டோவுக்கு ஒன்றிரண்டு கிழமை போன புளிச்ச கிம்ச்சிதான் நல்லது.

போத்தல் வெடிக்கும் என்கிறார்களே?

வெடிக்கும். எனக்கு நடந்தது. முதல் தடவை ஜாம் போத்தலை வாய்வரை நிரப்பி, இறுக்கமாக மூடி, இரண்டு நாள் ஒரு கலியாண வீட்டுக்குப் போய்விட்டேன். இரவு மூடி கழன்று பறந்து, குசினிச் சுவர் எல்லாம் சிவப்பு. அம்மா விளக்கைப் போட்டுப் பார்த்துவிட்டுக் குழறிய சத்தத்தில் பக்கத்து வீட்டு மாமாவும் வந்துவிட்டார். உள்ளே வேலை செய்கிற பக்டீரியா காபனீரொட்சைட்டு வாயுவை விட்டுக்கொண்டே இருக்கும், அது போக வழி வேண்டும். மூடியைத் தளர்வாக வையுங்கள். காலையும் மாலையும் திறந்து, கரண்டியால் அமுக்கி, மூடுங்கள். கீழே ஒரு கோப்பை.

புளித்ததா பழுதானதா என்று எப்படித் தெரியும்?

புளிவாசமும் உள்ளிவாசமும் எவ்வளவு பலமாக இருந்தாலும் பயமில்லை. மேலே பஞ்சுபோலப் பூஞ்சணம், பச்சை கறுப்பு நிறங்கள், அழுகல் நாற்றம், கையில் வழுவழுப்பு: இவற்றில் ஒன்று கண்டாலும் முழுப் போத்தலையும் கொட்டுங்கள். மேலால் வழித்துவிட்டு மிச்சத்தைச் சாப்பிடுகிற சிக்கனம் வேண்டாம்.

டோர்ட்டியா வீட்டில் தட்டுவது கஷ்டமா?

ரொட்டி தட்டத் தெரிந்த கைக்குக் கஷ்டமே இல்லை. வித்தியாசம் இரண்டு: சுடுதண்ணீர், ஓய்வு.

300 கிராம் கோதுமை மா, ஒரு தேக்கரண்டி உப்பு, 60 கிராம் மாஜரின் அல்லது எண்ணெய். முதலில் கொழுப்பை மாவோடு விரலால் உதிர்த்துப் பிசறுங்கள். பிறகு கை பொறுக்கிற சூட்டைவிடச் சற்றுக் கூடிய சூட்டில் 160 மில்லிலீற்றர் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் குழையுங்கள். சுடுதண்ணீரில் குழைத்தால் மா மெதுவாகும், டோர்ட்டியா ஆறிய பிறகும் மடியும். பச்சைத்தண்ணீரில் குழைத்தது சுடச்சுட நன்றாக இருக்கும், அரை மணியில் அப்பளம் மாதிரி முறியும்.

ஆறு உருண்டை பிடித்து, ஈரத்துணி மூடி அரை மணித்தியாலம் விடுங்கள். அவசரப்பட்டு உருட்டினால் மா இழுத்து இழுத்துச் சுருங்கும், நீங்கள் கோபப்படுவதுதான் மிச்சம். பத்து அங்குலத்துக்கு, கீழே மேசை நிழலாகத் தெரிகிற மெல்லிசுக்கு உருட்டி, நன்றாகக் காய்ந்த தோசைக்கல்லில் எண்ணெய் இல்லாமல் ஒரு பக்கத்துக்கு அரை நிமிடம். கொப்புளம் வந்து அங்கங்கே பொட்டுப் பொட்டாகச் சிவந்ததும் எடுத்துவிடுங்கள். எடுத்த கையோடு துணிக்குள் அடுக்கி மூடவேண்டும். கச்சான் காலத்தில் ஜன்னலையும் சாத்துங்கள், அந்தக் காற்று ஐந்து நிமிடத்தில் விளிம்பைக் காயவைத்துவிடும்.

வீச்சு ரொட்டி அல்லது பராட்டாவில் சுற்றினால்?

பராட்டா வேண்டாம், அடுக்கடுக்காகப் பிரிந்து கறி வெளியே வரும். வீச்சு ரொட்டி சரி. கொத்துப் போடுகிற கடையில் சும்மா வீச்சு ரொட்டி ஆறு வாங்கி வந்து பரிட்டோ சுற்றிய இரவுகள் எனக்கும் உண்டு. எண்ணெய் கூட, சுவையில் கொத்துப் பக்கம் சாய்ந்துவிடும். அதைக் குறையாகச் சொல்லவில்லை.

எந்த இறைச்சி, எப்படி ஊறவைப்பது?

கொரியாவில் புல்கொகி என்பார்கள். 'புல்' நெருப்பு, 'கொகி' இறைச்சி. கடதாசிபோல வெட்டிய மாட்டிறைச்சியை இனிப்பு சோயாக் கலவையில் ஊறவைத்துப் பெரு நெருப்பில் வாட்டுவது. 500 கிராம் எலும்பில்லாத இறைச்சியை ஒரு மணித்தியாலம் ஃப்ரீசரில் வையுங்கள், அரைவாசி இறுகியதும் நாருக்குக் குறுக்காக மெல்லிசாக வெட்டலாம். இறுகாத இறைச்சியை யாராலும் மெல்லிசாக வெட்டமுடியாது, கத்தியைக் குறைசொல்லிப் பயனில்லை.

3 மேசைக்கரண்டி சோயா சோஸ், 2 மேசைக்கரண்டி தண்ணீர், 2 மேசைக்கரண்டி சீனி, 6 பல்லு உள்ளி, இஞ்சி, அரைத் தேக்கரண்டி மிளகு, ஒரு மேசைக்கரண்டி நல்லெண்ணெய். நம் கடைச் சோயா சோஸ் உப்புக் கூடியது, அதனால்தான் தண்ணீர். கொரிய எள்ளெண்ணெய் வறுத்த எள்ளில் ஆட்டியது, நம் நல்லெண்ணெயில் அந்த வாசம் வராது. ஒரு மேசைக்கரண்டி எள்ளைப் பொன்னிறமாக வறுத்து இடித்துச் சேர்த்தால் வரும்.

வாட்டும்போது தாச்சி புகையவேண்டும், இறைச்சியை இரண்டு மூன்று தரமாகப் பிரித்துப் போடவேண்டும். முழுவதையும் ஒன்றாகக் கொட்டினால் தண்ணீர் விட்டு அவிந்துபோகும், கறியாகிவிடும். ஒரு மேசைக்கரண்டி கொச்சுஜாங்கைக் கடைசி நிமிடத்தில் போடுங்கள். சீனி இருப்பதால் முதலிலேயே போட்டால் கரியும்.

பப்பாசிக்காய் போட்டேன், இறைச்சி கூழாகிவிட்டது. ஏன்?

இரவு முழுக்க ஊறவிட்டிருப்பீர்கள். கொரியர்கள் இறைச்சி மெதுவாவதற்குப் பெயாஸ் பழம் துருவிப் போடுவார்கள், அதன் நொதியம் சாது. பப்பாசியும் அன்னாசியும் முரடு. அரைத்த பப்பாசிக்காய் ஒரு தேக்கரண்டி அல்லது அன்னாசிச் சாறு இரண்டு மேசைக்கரண்டி, எது போட்டாலும் அரை மணித்தியாலம்தான் கெடு. மற்ற மசாலாவில் இரவு முழுக்க ஊறலாம், பழத்தை மட்டும் சமைப்பதற்குச் சற்று முதல் சேருங்கள்.

நாங்கள் மாடு சாப்பிடுவதில்லை. மரக்கறிக்காரருக்கு என்ன வழி?

கோழியின் தொடை இறைச்சி, இதே கலவை. நெஞ்சு இறைச்சி வறண்டுபோகும். றால் என்றால் கலவையில் பத்து நிமிடம், தாச்சியில் இரண்டு நிமிடம், அதற்குமேல் ரப்பர்.

மரக்கறிக்கு என் தெரிவு பலாக்காய்ப் பிஞ்சு. உப்புத் தண்ணீரில் அவித்து, பிய்த்து, துணியில் நன்றாகப் பிழிந்து, பிறகு கலவையில் புரட்டி விளிம்பு கருகும்வரை வறுங்கள். பிழியாமல் செய்த பலாக்காய்ப் பரிட்டோவைச் சாப்பிடுவதற்குக் கோப்பையும் கரண்டியும் வேண்டும். கூனி இல்லாத கிம்ச்சி தனியாகப் போடவேண்டும் என்பதை மறக்கவேண்டாம். என் மச்சாள் சைவம், அவள் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்த பிறகுதான் எனக்கு அது ஞாபகம் வந்தது.

சோறு எது?

பச்சையரிசிச் சோறு, உதிரியாக. நம் பக்கத்துச் சிவப்பு நாட்டரிசி பரிட்டோவுக்குள் மணல் மாதிரி இருக்கும், எனக்குப் பிடிக்கவில்லை. ஆறிய சோற்றில் தேசிக்காய்ச் சாறு, மல்லியிலை, உப்பு. ஒரு பரிட்டோவுக்கு அரைக் கோப்பைக்குமேல் வேண்டாம். முதல்நாள் சோறு நல்லது, ஆனால் அது ஃபிரிட்ஜில் இருந்த சோறாக இருக்கவேண்டும். இரவு முழுக்க மேசையில் கிடந்த சோற்றில் வளரும் கிருமி விடுகிற நஞ்சு, திரும்பச் சூடாக்கினாலும் போகாது.

கறுப்பு அவரை கிடைக்கவில்லை.

தேவையில்லை. கௌபி 200 கிராம் ஊறவைத்து அவித்து, வெங்காயமும் சீரகமும் தாளித்து, அரைவாசியை மசித்துத் தண்ணீர் வற்றக் கிண்டுங்கள். சிவப்பு ராஜ்மா போடுகிறவர்கள் ஊறிய தண்ணீரை ஊற்றிவிட்டு, புதுத் தண்ணீரில் பத்து நிமிடமாவது குதித்துக் கொதிக்க விடவேண்டும். அரைவேக்காட்டு ராஜ்மா வயிற்றைக் கலக்கும்.

சவர் கிரீமுக்கு என்ன செய்வது?

இந்தக் கேள்வியை மட்டக்களப்பில் இருந்துகொண்டு கேட்கலாமா? சட்டியில் எருமைத் தயிர் இருக்கிறது. ஒரு கோப்பைத் தயிரை மெல்லிய துணியில் கட்டி, ஃபிரிட்ஜுக்குள் மூன்று மணித்தியாலம் தொங்கவிடுங்கள். கடையில் டப்பாவில் வருகிற எந்த கிரீமும் இதற்குக் கிட்ட வராது. உப்பும் தேசிக்காயும் சேர்த்தால் ஒரு சோஸ். இன்னொன்றுக்கு மயோனீஸ் 4 பங்கு, கொச்சுஜாங் 1 பங்கு.

சீஸ் என்றால் துருவிய செடார். எது கிடைக்கிறதோ அது. செலவில் பெரியது அதுதான், குறைத்தாலும் குற்றமில்லை. ஆனைக்கொய்யா (அவகாடோ) வைப்பதென்றால் இரண்டு கீற்றுப் போதும்.

சுற்றும்போது கிழிகிறது, சாப்பிடும்போது ஒழுகுகிறது. என்ன பிழை?

கிழிந்தால் டோர்ட்டியா ஆறிவிட்டது, கல்லில் பத்துச் செக்கன் காட்டி எடுங்கள். ஒழுகினால் பிழை கையில் இல்லை, தாச்சியில். நான் இவ்வளவு நேரமும் பிழி, வற்றவிடு, வடி என்று சொல்லிக்கொண்டு வந்தது இதற்காகத்தான். கிம்ச்சியைப் பிழிந்து, நறுக்கி, கொஞ்சம் பட்டரில் விளிம்பு சிவக்க வறுக்கவேண்டும். பச்சையாக வைத்தால் அதன் தண்ணீர் சோற்றை நனைத்து, சோறு ரொட்டியை நனைத்து, ஐந்து நிமிடத்தில் அடி விட்டுவிடும். வறுத்த கிம்ச்சிக்குச் சுவையும் கூட.

சுற்றுவது ரோல்ஸ் சுற்றுவது மாதிரியேதான், பெரிய ரோல்ஸ். நடுவுக்குக் கீழே சீஸ், அதன்மேல் சூடான இறைச்சி, கிம்ச்சி, கௌபி, சோறு, கடைசியாகத் தயிர். இரண்டு பக்கத்தையும் உள்ளே மடித்து, கீழ்ப்பக்கத்தைத் தூக்கி, உள்ளே இருப்பதை விரலால் பின்னுக்கு இழுத்து இறுக்கி உருட்டுங்கள். ரோல்ஸுக்குப் போல மாப்பசை தடவவேண்டியதில்லை. விளிம்பு கீழே இருக்கக் கல்லில் ஒரு நிமிடம் வைத்தால் தானே ஒட்டும். கடைகளில் அலுமினியத் தாளில் சுற்றுவார்கள். நான் வாட்டிய வாழையிலையில் சுற்றுகிறேன், சூட்டில் அந்த வாசம் ரொட்டியில் ஏறும். முதல் முறை செய்கிறவர்கள் கண்டிப்பாகக் கூட வைப்பார்கள். வைக்க நினைத்ததில் மூன்றில் ஒன்றைத் திரும்ப எடுத்துவிடுங்கள்.

நோன்பு காலத்தில் பின்னேரம் நின்று சமைக்க முடியாது. முதல்நாளே செய்து வைக்கலாமா?

பிரித்துப் பிரித்து வைக்கலாம்: மா உருண்டை, அவித்த கௌபி, ஊறிய இறைச்சி, கிம்ச்சி. இறைச்சி வாட்ட எட்டு நிமிடம், டோர்ட்டியா சுட ஆறு நிமிடம். முழுதாகச் சுற்றி வைப்பதென்றால் தயிரும் ஆனைக்கொய்யாவும் இல்லாமல் சுற்றி, ஆறவிட்டு, ஃப்ரீசரில் ஒரு மாதம் வைக்கலாம். முதல்நாள் இரவு ஃபிரிட்ஜுக்கு மாற்றி, மறுநாள் மூடி போட்ட தாச்சியில் மெல்லிய நெருப்பில் சூடாக்குங்கள்.

பிள்ளைகளுக்கு உறைக்குமே?

கொச்சுஜாங் போடுவதற்கு முதல் பிள்ளைகளின் பங்கு இறைச்சியை எடுத்துவிடுங்கள். கிம்ச்சிக்குப் பதில் வினாகிரியில் பத்து நிமிடம் போட்ட கெக்கரிக்காய்.

அம்மா இதைச் சாப்பிடுவாவா?

என் அம்மாவைத் தெரிந்த எல்லோரும் கேட்பது. பரிட்டோவைத் தொடமாட்டா. "சோத்த ரொட்டிக்குள்ள வெச்சித் திங்கிற பழக்கம் எங்கட ஊட்டுல இல்ல" என்று ஒரே பேச்சு. போத்தல் வெடித்த இரவையும் இன்னும் மறக்கவில்லை. ஆனால் போன மாதம் விடிய எழும்பிப் பார்த்தேன்: குசினித் திண்ணையில் இருந்துகொண்டு, பழஞ்சோற்றுக்குத் தயிர் விட்டுப் பிசைந்து, பக்கத்தில் கிம்ச்சிப் போத்தல். என்னைக் கண்டதும் மூடியை மூடினா. "மிச்சம் கிடந்திச்சி புள்ள, பழுதாப் போயிரும் எண்டுதான்."